பெட்டியடியிலிருந்து பல திரை மேசை வரை

வணிகம் செய்வோர்க்கு இரண்டு பார்வைகள் வேண்டும். சந்தையில் என்ன விலை நடக்கிறது, யார் வாங்குகிறார், யார் விற்கிறார் என வெளியே நோக்கும் பார்வை ஒன்று. தம் கையிருப்பு எவ்வளவு, தாம் பட்ட கடன் எவ்வளவு, இழப்பு எங்கே நிற்கிறது என உள்ளே நோக்கும் பார்வை மற்றொன்று. முன்னது ஆதாயத்தைத் தேடித் தரும். பின்னது முதலைக் காத்துத் தரும். சிங்கப்பூரின் வணிக வரலாற்றை ஊன்றிப் படிப்போர், வெளிப்பார்வைக்குரிய கருவிகள் தலைமுறைக்குத் தலைமுறை பெருகி வந்திருப்பதைக் காண்பர். உட்பார்வைக்குரிய ஒழுங்கும் அதே அளவில் வளர்ந்ததா என்பது ஆராய்தற்குரிய வினாவாகும்.

இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. இன்று வீட்டில் இருந்தபடியே பங்குகளையும் அந்நியச் செலாவணியையும் வாங்கி விற்கும் இளைஞர் பலர், தம் சேமிப்பின் ஒரு பகுதியைக் கொண்டு நான்கு திரை, ஆறு திரை கொண்ட மேசை ஒன்றை அமைக்க விரும்புகின்றனர். லிட்டில் இந்தியாவுக்கு அருகே, ரோச்சோர் கால்வாய்ச் சாலையில் 1987ஆம் ஆண்டு முதல் இயங்கி வரும் சிம் லிம் ஸ்குவேர் கடைத்தொகுதிக்குச் சென்று, எத்தனை மானிட்டர் வேண்டும், எந்த கிராஃபிக்ஸ் கார்டு சிறந்தது எனக் கேட்கின்றனர். கடைக்காரர் பொருளின் திறனைச் சொல்வார், விலையைச் சொல்வார். அம்மேசை எவ்வாறு தோன்றியது, எதற்காகத் தோன்றியது என்பதை வரலாறுதான் சொல்ல வேண்டும்.

செட்டித் தெருவின் சாய்வு மேசை

சிங்கப்பூரில் தமிழர் அமைத்த முதல் நிதி மேசை, நாட்டுக்கோட்டை நகரத்தாரின் பெட்டியடி எனலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கு வந்து வட்டித் தொழில் நடத்திய அவர்கள், மார்க்கெட் ஸ்திரீட் வட்டாரத்தில் கிட்டங்கிகளை அமைத்துக்கொண்டனர். அத்தெரு தமிழர் நாவில் செட்டித் தெரு என்றே வழங்கியது. கிட்டங்கி என்பது நீண்ட கூடம். அக்கூடத்தில் பல நிறுவனங்கள் அடுத்தடுத்து இடம் பெற்றிருந்தன. ஒவ்வொரு நிறுவனத்திற்கும் ஒரு பெட்டியடி. தரையில் அமர்ந்து எழுதுவதற்கு ஏற்ற சிறிய சாய்வு மேசை, கணக்கேடுகளை வைக்கும் அலமாரி, பணப்பெட்டி ஆகியவையே அதன் தளவாடங்கள். டேங்க் ரோட்டில் 1859ஆம் ஆண்டு தெண்டாயுதபாணி கோயிலை எழுப்பிய சமூகத்தின் செல்வம் அனைத்தும் இத்தகைய சிறு மேசைகளிலேதான் எழுதப்பட்டது.

அச்சிறு மேசையில் சந்தை நிலவரம் காட்டும் கருவி எதுவும் இல்லை. நிலவரம் வாய்மொழியாகவே வந்தது. பக்கத்துப் பெட்டியடிக்காரர் சொல்லும் செய்தி, துறைமுகத்திலிருந்து வருவோர் கொணரும் செய்தி, கோயிலில் கூடும்போது தெரியவரும் வட்டி விகிதம் ஆகியவையே அவர்களுடைய வெளிப்பார்வை. ஆனால் உட்பார்வை மிக நுட்பமானதாக அமைந்திருந்தது. பிள்ளையார் சுழியிட்டுத் தொடங்கும் நாட்குறிப்பில் அன்றன்றைய வரவு செலவு பதியப்பட்டது. அதிலிருந்து ஒவ்வொருவர் பெயரிலும் பேரேட்டில் பற்று வரவு ஏற்றப்பட்டது. ஈற்றில் ஐந்தொகை எடுக்கப்பட்டு, இரு பக்கமும் ஒத்துள்ளனவா எனச் சரிபார்க்கப்பட்டது.

இங்கு ஊன்றி நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. பெட்டியடியில் அமர்ந்து கடன் கொடுத்த முகவர் பெரும்பாலும் முதலாளி அல்லர். மூன்றாண்டு அளவிலான தவணைக்கு ஊதியம் பேசி அனுப்பப்பட்டவர். அவர் எழுதிய கணக்கு, குறித்த காலந்தோறும் செட்டிநாட்டிலிருந்த முதலாளிக்குச் சென்றது. கடல் கடந்து இருந்த வேறொருவர் அதனைப் படித்துக் கேள்வி கேட்டார். கொடுப்பவர் ஒருவர், கணக்கைப் பார்ப்பவர் மற்றொருவர் என்னும் இப்பிரிவினை, அத்தொழிலின் முதுகெலும்பாக விளங்கியது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்னும் பழமொழியை அவர்கள் நிறுவன அமைப்பாகவே ஆக்கிக்கொண்டனர்.

இதனால் அவர்களுக்கு இழப்பே நேரவில்லை என்று கூறிவிட முடியாது. 1930களின் பொருளாதார மந்தத்தில் பர்மாவிலும் மலாயாவிலும் கொடுத்த கடன் திரும்பாமல், ஈடாக நிலமும் தோட்டமுமே கைக்கு வந்தன. கணக்கு இழப்பைத் தடுக்காது. இழப்பு எவ்வளவு என்பதை மறைக்காது என்பதே அதன் சிறப்பு. இவ்வேறுபாடு இக்கட்டுரையின் பிற்பகுதிக்கு இன்றியமையாதது.

கரும்பலகையும் தொலைபேசியும்

1871ஆம் ஆண்டளவில், சென்னையிலிருந்து பினாங்கு வழியாக வந்த கடலடித் தந்திக் கம்பி சிங்கப்பூரை இலண்டனோடு இணைத்தது. பல வாரங்களில் வந்த விலைச் செய்தி அதன்பின் விரைந்து வரலாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரப்பர் நிறுவனங்களின் பங்குகள் பெருகியபோது பங்குத் தரகர்களும் பெருகினர். 1930ஆம் ஆண்டில் சிங்கப்பூர்ப் பங்குத் தரகர் சங்கம் தோன்றியது. 1960ஆம் ஆண்டில் மலாயாப் பங்குச் சந்தை அமைந்து, பங்குகள் பொதுவில் வாங்கி விற்கப்படலாயின. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இருந்த இரண்டு வணிகக் கூடங்களும் நேரடித் தொலைபேசிக் கம்பிகளால் இணைக்கப்பட்டன. ஒரே விலை, இரு நகரங்களிலும் உள்ள பலகைகளில் எழுதப்பட்டது.

பலகை என்னும் இக்கருவியை எளிதாக எண்ணிவிடல் ஆகாது. கூடத்தில் நின்ற அனைவரும் ஒரே பலகையைப் பார்த்தனர். ஒருவர் கண்ட விலையை மற்றவரும் கண்டார். வெளிப்பார்வை பொதுச்சொத்தாக இருந்த காலம் அது. 1973ஆம் ஆண்டில் மலேசிய, சிங்கப்பூர் நாணயங்களின் சமமாற்று நின்றபோது பங்குச் சந்தையும் பிரிந்து, சிங்கப்பூருக்கெனத் தனிச் சந்தை உருவாயிற்று.

இதற்கிடையே மற்றொரு மாற்றம் நிகழ்ந்தது. 1968ஆம் ஆண்டில் ஆசிய டாலர் சந்தை இங்குத் தொடங்கப்பட்டது. அமெரிக்கா உறங்கி ஐரோப்பா விழிப்பதற்கு இடைப்பட்ட பொழுதில் சிங்கப்பூர் விழித்திருக்கிறது என்பதே அதன் அடிப்படை. புவியியல் கொடுத்த இவ்வாய்ப்பைப் பயன்படுத்த வேண்டுமாயின், இரவில் நியூயார்க் விட்டுச்சென்ற விலையும், காலையில் தோக்கியோ தொடங்கும் விலையும், மாலையில் இலண்டன் கேட்கும் விலையும் ஒரே மேசையில் தெரிய வேண்டும். அங்கேதான் திரைக்குத் தேவை பிறந்தது.

அதே காலத்தில் ராஃபிள்ஸ் பிளேஸை அடுத்த சேஞ்ச் அலியில் தமிழ் முஸ்லிம் நாணய மாற்று வணிகர் பலர் தொழில் நடத்தி வந்தனர். 1989ஆம் ஆண்டு மூடப்படும் வரை அச்சந்து, கூவி அழைக்கும் வணிகத்துக்குப் பெயர் பெற்றிருந்தது. சில நூறு அடி தொலைவிலிருந்த வங்கி மாடிகளில் கண்ணாடித் திரைகள் ஒளிர்ந்தபோது, கீழே மனக்கணக்கே சந்தையை நடத்தியது. இரண்டும் ஒரே தொழில்தான். கருவி மட்டுமே வேறு.

திரைகள் பெருகிய காரணம்

1973ஆம் ஆண்டில் ராய்ட்டர்ஸ் நிறுவனம் மானிட்டர் என்னும் பெயரால் அந்நியச் செலாவணி விலைச் சேவையைத் தொடங்கியது. நிலையான நாணய மதிப்பு முறை குலைந்து, நாணயங்களின் விலை நாள்தோறும் ஏறி இறங்கத் தொடங்கிய ஆண்டும் அதுவே. வங்கிகள் தத்தம் விலையை அச்சேவையில் தாமே பதிந்தன. உலகெங்குமுள்ள பிற வங்கிகள் திரையில் அதனைக் கண்டன. 1981ஆம் ஆண்டில் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட புளூம்பெர்க் நிறுவனம், கடன் பத்திரங்களின் விலையையும் கணக்கீட்டையும் தன் சொந்தக் கருவியின் வழியே அளித்தது. இவ்வாறு ஒவ்வொரு நிறுவனமும் தனக்கெனத் தனித் திரையையும் தனி விசைப்பலகையையும் வங்கிக்குள் கொண்டுவந்து வைத்தது.

ஆகவே ஒரு மேசையில் நான்கு திரைகள் இருந்தமைக்குக் காரணம், வணிகருக்கு நான்கு திரைகள் தேவைப்பட்டமை அன்று. நான்கு நிறுவனங்கள் ஒன்றோடொன்று பேசாத நான்கு பெட்டிகளை விற்றமையே. பல திரை மேசை என்பது திட்டமிட்டுக் கட்டிய மாளிகை அன்று. ஒட்டுத் திண்ணைகள் சேர்ந்து வீடாகியது போன்றது. பின்னர் ஒரே கணினியில் பல நிறுவனங்களின் செய்தியும் வரத் தொடங்கியபோதும், பழகிய கண் பல திரைகளையே விரும்பிற்று. பல திரைகள் இருப்பது பெரிய வணிகர் என்பதன் அடையாளமாகவும் மாறிற்று. இவ்வரலாற்றை அறிந்தவர், தம் மேசைக்கு எத்தனை திரை என்னும் கேள்வியை வேறு விதமாகக் கேட்பர்.

அக்காலத் திரைகள் குழாய்த் திரைகள். மேசையின் பாதி ஆழத்தை அவை விழுங்கின. பதினேழு அங்குலத் திரை ஒன்று ஏறத்தாழ 100 வாட் மின்சாரத்தை உண்டு, அதை வெப்பமாகக் கக்கியது. வெப்ப நாடான சிங்கப்பூரில் அவ்வெப்பத்தை வெளியேற்றக் குளிரூட்டிக்கும் மின்சாரம் செலவாயிற்று. 2000களில் தட்டைத் திரைகள் வந்தபின்னரே ஒரு மேசையில் ஆறு திரை, எட்டுத் திரை என்பது எளிதாயிற்று. குழாய்த் திரைகள் குப்பைக்கும் பழம்பொருள் வணிகர் கைக்கும் சென்றன.

தாய் எழுத்தும் வரைகலை அட்டையும்

திரைக்கு உருவத்தை அனுப்பும் பலகையே கிராஃபிக்ஸ் கார்டு என்னும் வரைகலை அட்டை. 1981ஆம் ஆண்டில் வெளிவந்த ஐபிஎம் தனியாள் கணினிக்கு இருவகை அட்டைகள் இருந்தன. ஒன்று, 80 எழுத்து அகலமும் 25 வரி உயரமும் கொண்ட பக்கத்தைத் தெளிவாகக் காட்டியது. ஆனால் படம் வரையாது. மற்றொன்று வண்ணப் படம் வரைந்தது. ஆனால் எழுத்து தெளிவற்றிருந்தது. இரண்டும் வெவ்வேறு நினைவக முகவரிகளைப் பயன்படுத்தியதால், ஒரே கணினியில் இரண்டையும் பொருத்தி இரண்டு திரைகளை இயக்க முடிந்தது. 1983ஆம் ஆண்டில் வந்த லோட்டஸ் 1-2-3 என்னும் கணக்குத்தாள் மென்பொருள், ஒரு திரையில் எண்களையும் மறு திரையில் வரைபடத்தையும் காட்ட இடந்தந்தது. இன்றைய பல திரை மேசையின் முன்னோடி அதுவே எனலாம்.

1982ஆம் ஆண்டில் ஹெர்குலிஸ் என்னும் அட்டை தோன்றிய வரலாறு தமிழர்க்குச் சுவை பயப்பதாகும். வான் சுவன்னுகுல் என்னும் தாய்லாந்து அறிஞர் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டைத் தாய் எழுத்தில் கணினியில் எழுத விரும்பினார். முதல் அட்டையில் ஆங்கில எழுத்து வடிவங்களே நிலையாகப் பதிந்திருந்தன. இரண்டாவது அட்டையின் நுணுக்கம் அவ்வெழுத்தின் மேற்குறிகளுக்கும் கீழ்க்குறிகளுக்கும் போதவில்லை. எனவே 720 புள்ளி அகலமும் 348 புள்ளி உயரமும் கொண்ட படத்தைத் தெளிவாக வரையும் அட்டையைத் தாமே உருவாக்கினார். ஓர் ஆசிய மொழியின் எழுத்துக்காகப் பிறந்த கருவி, பின்னர் உலகெங்கும் அலுவலகங்களில் வரைபடம் காட்டப் பயன்பட்டது. தேவை தெளிவாக இருந்தமையால் கருவியும் தெளிவாக அமைந்தது என்பது இதனால் பெறப்படும் பாடம்.

அதன்பின் வளர்ச்சி விரைந்தது. 1998ஆம் ஆண்டின் விண்டோஸ் 98, ஒரே கணினியில் ஒன்பது திரைகள் வரை இயக்க வழி செய்தது. கனடாவின் மாட்ராக்ஸ் நிறுவனம் 1999ஆம் ஆண்டில் ஒரே அட்டையில் இரு திரைகளை இயக்கும் ஜி400 அட்டையை வெளியிட்டது. 2009ஆம் ஆண்டில் ஏஎம்டி நிறுவனத்தின் ஐஃபினிட்டி நுட்பம் ஆறு திரைகள் வரை ஓர் அட்டையில் இணைக்க வகை செய்தது. சிங்கப்பூர் நிறுவனமான கிரியேட்டிவ் டெக்னாலஜி, ஒலி அட்டையால் உலகப் புகழ் பெற்றபின், 2002ஆம் ஆண்டில் 3டிலேப்ஸ் என்னும் வரைகலை அட்டை நிறுவனத்தையும் வாங்கியது. ஆக, அட்டையின் வரலாற்றில் சிங்கப்பூருக்கும் ஒரு பங்குண்டு.

திரையில் தெரியாத கணக்கு

திரைகள் பெருகிய காலத்திலேதான் சிங்கப்பூர்ச் சந்தை தன் பெரிய அதிர்ச்சிகளையும் கண்டது. 1985ஆம் ஆண்டின் இறுதியில் பான் எலக்ட்ரிக் நிறுவனம் வீழ்ந்தது. பங்குகளைப் பிற்காலத்தில் வாங்கிக்கொள்வதாகத் தரகர்கள் தமக்குள் செய்துகொண்ட முன்னொப்பந்தங்கள் அப்போது வெளிப்பட்டன. அவை எந்தப் பலகையிலும் எழுதப்படவில்லை. டிசம்பர் 2 முதல் 4 வரை மூன்று நாள் பங்குச் சந்தை மூடப்பட்டது. எல்லோரும் விலையைப் பார்த்துக்கொண்டிருந்தனர். கடனைப் பார்த்தவர் இல்லை.

இதனினும் பெரியது பேரிங்ஸ் வங்கியின் வீழ்ச்சி. 1984ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட சைமெக்ஸ் என்னும் முன்பேரச் சந்தையில், வண்ணச் சட்டை அணிந்த வணிகர்கள் கையசைத்துக் கூவி வணிகம் செய்தனர். 1762ஆம் ஆண்டில் இலண்டனில் தோன்றிய பேரிங்ஸ் வங்கியின் சிங்கப்பூர்க் கிளையில் நிக் லீசன் என்பவர் 1992 முதல் அச்சந்தையில் வணிகம் செய்தார். 88888 என்னும் எண்ணுடைய பிழைக் கணக்கு ஒன்றில் இழப்புகள் மறைக்கப்பட்டன. இலண்டனுக்குச் சென்ற நாளறிக்கைகளில் அக்கணக்கின் வணிக விவரங்கள் இடம்பெறாதவாறு மென்பொருள் மாற்றப்பட்டிருந்தது. 1995 ஜனவரி 17 அன்று கோபே நிலநடுக்கம் ஜப்பானியப் பங்கு விலைகளை வீழ்த்தியது. இழப்பை ஈடுகட்ட அவர் மேலும் மேலும் வாங்கினார். பிப்ரவரி 26 அன்று வங்கி வீழ்ந்தது. இழப்பு 827 மில்லியன் பவுண்டு. நெதர்லாந்தின் ஐஎன்ஜி நிறுவனம் ஒரு பவுண்டு விலைக்கு அவ்வங்கியை வாங்கியது. லீசன் அவ்வாண்டு டிசம்பரில் சிங்கப்பூரில் ஆறரை ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார்.

பேரிங்ஸின் இலண்டன் அலுவலகத்தில் திரைகளுக்குக் குறைவில்லை. குறைந்தது ஒன்றுதான். சிங்கப்பூரில் வணிகம் செய்தவரும், அவ்வணிகத்தைக் கணக்கிட்டுத் தீர்த்தவரும் ஒருவராகவே இருந்தனர். அவ்விரு பொறுப்புகளையும் பிரிக்க வேண்டும் என வங்கியின் உள்தணிக்கை 1994ஆம் ஆண்டிலேயே கூறியிருந்தது. அது நடைமுறைக்கு வரவில்லை. மார்க்கெட் ஸ்திரீட்டில் தரையில் அமர்ந்திருந்த முகவரின் ஏட்டைக் கடல் கடந்த முதலாளி புரட்டிப் பார்த்த ஒழுங்கு, அதே நகரில் பன்னாட்டு வங்கி ஒன்றில் இல்லாமற் போயிற்று.

1989ஆம் ஆண்டில் பங்குச் சந்தை முழுமையாகக் கணினிமயமாயிற்று. 1999 டிசம்பரில் பங்குச் சந்தையும் சைமெக்ஸும் இணைந்து சிங்கப்பூர்ப் பங்குப் பரிவர்த்தனை நிலையம் உருவாயிற்று. கூவல் ஓய்ந்தது, வணிகம் முழுவதும் திரைக்குள் புகுந்தது. ஆயினும் 2014 நவம்பர் 5 அன்று மின் கோளாற்றால் மூன்று மணி நேரத்திற்கும் மேலாக வணிகம் நின்றது. 2016 ஜூலை 14 அன்று முற்பகலில் நின்ற பங்கு வணிகம் அன்று மீண்டும் தொடங்கவேயில்லை. இத்தகைய நாள்களில் எட்டுத் திரை வைத்திருந்தவரும் ஒரு திரை வைத்திருந்தவரும் ஒரே நிலையினரே. தம் கையிருப்பைத் தனியே குறித்து வைத்திருந்தவரே அமைதியாக இருந்திருக்க முடியும்.

கடையில் கேட்க வேண்டிய கேள்விகள்

மேற்கண்ட வரலாற்றை மனத்தில் இருத்தி, இன்று மேசை அமைப்போர் கருத வேண்டுவனவற்றை இனி நோக்கலாம்.

திரைகளின் எண்ணிக்கையைக் கடையில் முடிவு செய்தல் ஆகாது; வீட்டில் ஒரு தாளில் முடிவு செய்தல் வேண்டும். வணிக நேரத்தில் இடையறாது பார்த்தே ஆக வேண்டிய செய்திகள் யாவை என எழுதிப் பார்த்தால், பெரும்பாலோர்க்கு விலையும் ஆணையும் ஒன்று, வரைபடம் ஒன்று, செய்தி ஒன்று, தம் கணக்கு ஒன்று என நான்கிற்கு மேல் வராது. நாளுக்கு ஓரிரு முறை பார்ப்பதற்கெனத் தனித் திரை வேண்டியதில்லை.

இந்நான்கையும் நான்கு திரைகளில்தான் காட்ட வேண்டும் என்பதுமில்லை. நான்கே என்னும் 4கே திரையில் 3840 புள்ளி அகலமும் 2160 புள்ளி உயரமும் உண்டு. இது 1920க்கு 1080 அளவுள்ள நான்கு திரைகளுக்குச் சமம். 43 அங்குல 4கே திரை ஒன்று, 21.5 அங்குலத் திரைகள் நான்கை இடைச்சட்டமின்றி ஒட்டி வைத்தது போன்றதாகும். கம்பிகள் குறையும், இணைப்புகள் குறையும். ஆனால் அவ்வொரு திரை பழுதானால் அனைத்தும் இருண்டுவிடும். 24 அல்லது 27 அங்குலத் திரைகள் இரண்டை வைத்திருப்போர்க்கு, ஒன்று பழுதானாலும் மற்றொன்று கைகொடுக்கும். வாங்கும் திரைகள் ஒரே அளவும் ஒரே நுணுக்கமும் உடையனவாக இருத்தல் நன்று. இல்லையேல் எழுத்து ஒரு திரையில் பெரிதாகவும் மறு திரையில் சிறிதாகவும் தோன்றிக் கண்ணை வருத்தும். முதன்மைத் திரை முகத்துக்கு நேரே இருத்தல் வேண்டும். நாள் முழுதும் கழுத்தைத் திருப்பிப் பார்க்கும் மேசை நெடுநாள் உதவாது.

வரைகலை அட்டையைப் பொறுத்தவரை, பலரும் விளையாட்டுக்கு உரிய விலையுயர்ந்த அட்டையைத் தேடுகின்றனர். அதற்குத் தேவையில்லை என்பதை எளிய கணக்கால் அறியலாம். 4கே திரை ஒன்றில் ஏறத்தாழ 83 இலட்சம் புள்ளிகள் உள்ளன. ஒரு புள்ளிக்கு 4 பைட் எனக் கொண்டால் ஒரு படத்துக்கு ஏறத்தாழ 33 மெகாபைட் நினைவகம் போதும். அத்தகைய ஆறு திரைகளுக்கும் 200 மெகாபைட் அளவே ஆகிறது. மென்பொருள்கள் தம் பணிக்கு இதனினும் மிகுதியாகக் கேட்கும் என்றாலும், 4 ஜிகாபைட் நினைவகமுள்ள எளிய அட்டையே தாராளமாகப் போதும். விலைக்கோடுகள் தட்டையான படங்கள். முப்பரிமாணக் காட்சிகளை வரையும் ஆற்றல் அவற்றுக்கு வீண்.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. அட்டையில் எத்தனை வெளிவாய்கள் உள்ளன? அவை அனைத்தும் ஒரே நேரத்தில் இயங்குமா? பொதுவான அட்டைகள் நான்கு திரைகளோடு நின்றுவிடுகின்றன. அதற்கு மேல் வேண்டுவோர்க்கெனத் தனி அட்டைகள் உண்டு. 2015ஆம் ஆண்டில் என்விடியா எட்டுத் திரைகளுக்கும், மாட்ராக்ஸ் ஒன்பது திரைகளுக்கும் உரிய அட்டைகளை வெளியிட்டன. இரண்டு மூன்று திரைகளே போதும் என்போர்க்கு, கணினியின் மையச் செயலியோடு சேர்ந்தே வரும் வரைகலைத் திறன் போதுமானது. அட்டையே வாங்க வேண்டியதில்லை. இணைப்புக் கம்பியையும் கவனித்தல் வேண்டும். பழைய எச்டிஎம்ஐ 1.4 இணைப்பில் 4கே படம் நொடிக்கு 30 முறையே புதுப்பிக்கப்படும். சுட்டி தடுமாறுவது போலத் தோன்றும். எச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்ப்ளேபோர்ட் 1.2 இணைப்பில் 60 முறை புதுப்பிக்கப்படும்.

நிறத்திலும் ஒரு கவனம் வேண்டும். சீனச் சந்தைகளில் ஏற்றத்தைச் சிவப்பும் இறக்கத்தைப் பச்சையும் குறிக்கும். மேலை நாட்டு வழக்கில் இது தலைகீழ். ஷாங்காயையும் நியூயார்க்கையும் ஒரே மேசையில் பார்ப்போர் மென்பொருளில் ஒரே வழக்கை அமைத்துக்கொள்ளாவிடில், அவசரத்தில் கண் ஏமாறும்.

அட்டையில் மிச்சமாகும் பணத்தைத் தடையிலா மின்கலத்துக்கும், இணைய இணைப்பு அறுந்தால் பயன்படும் கைத்தொலைபேசி வழி இணைப்புக்கும் செலவிடுதல் அறிவுடைமை. இடியும் மழையும் மிகுந்த இந்நகரில் அவை ஆறாவது திரையினும் பயனுடையவை.

ஒரு திரை கணக்குக்கு

எல்லாவற்றுக்கும் மேலாக, மேசையில் ஓரிடம் கணக்குக்கென ஒதுக்கப்பட வேண்டும். கையிலுள்ள பங்கு, கடனாகப் பெற்ற தொகை, அன்றைய இழப்பு, இதற்கு மேல் இழக்கலாகாது என முன்னரே வகுத்த எல்லை ஆகிய நான்கும் அங்கு எப்போதும் தெரிய வேண்டும். வேறு சாளரம் எதுவும் அதனை மறைத்தல் ஆகாது. மாதம் ஒரு முறையேனும் அக்கணக்கை வணிகம் செய்யாத மற்றொருவர், மனைவியோ கணவரோ உடன்பிறந்தாரோ நம்பிக்கைக்குரிய நண்பரோ, பார்த்தல் வேண்டும். வீட்டு மேசையில் தணிக்கையாளர் இல்லை, மேலதிகாரி இல்லை. கொடுப்பவரும் கணக்கெழுதுபவரும் பார்ப்பவரும் ஒருவரே. 88888 என்னும் கணக்கு உருவாவதற்கு அத்தகைய தனிமையே போதுமானதாக இருந்தது.

சிங்கப்பூர் நாணய வாரியம் 2012ஆம் ஆண்டு முதல், சிக்கலான முதலீடுகளில் இறங்கும் சிறு முதலீட்டாளர்க்கு அவற்றைப் பற்றிய அறிவும் அனுபவமும் உண்டா என நிறுவனங்கள் முன்கூட்டியே மதிப்பிட வேண்டும் என விதித்தது. அம்மதிப்பீட்டில் எத்தனை திரை வைத்திருக்கிறீர் என்னும் கேள்வி இல்லை என்பது கருதத்தக்கது.

செட்டித் தெருவின் கிட்டங்கிகள் நகரச் சீரமைப்பில் மறைந்துவிட்டன. 2021ஆம் ஆண்டில் கட்டிமுடிக்கப்பட்ட 280 மீட்டர் உயரக் கோபுரம் ஒன்று இன்று மார்க்கெட் ஸ்திரீட்டில் நிற்கிறது. அவ்வட்டாரத்து மாடிகளில் எத்தனையோ திரைகள் ஒளிர்கின்றன. அவை காட்டும் விலையை, பெட்டியடியில் அமர்ந்தவர்கள் கனவிலும் கண்டதில்லை. ஆனால் நாள் முடிவில் இரு பக்கமும் கூட்டி, ஒத்திருக்கிறதா எனப் பார்த்து, அதனை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு உறங்கச் சென்ற அவர்களின் ஒழுங்கை எந்த அட்டையும் தன் வெளிவாயில் வைத்து விற்பதில்லை. அதனை மேசைக்கு உரியவர்தாம் கொண்டுவர வேண்டும்.